முதல் பேரா வந்த பையனை ஒதுக்கிடாதீங்க டீச்சர்

கேள்வி: மேடம், நான் குளச்சல் பக்கத்துல ஒரு உதவிபெறும் ஹைஸ்கூல்ல ஒன்பதாம் வகுப்பு டீச்சர். மூணு செக்‌ஷன் சேத்து 118 பிள்ளைங்க, பாதிப்பேர் கடற்கரை ஊர், மீதி உள்பக்கத்து ஊருங்க. பசங்க மத்தியில உதட்டுக்குள்ள ஒதுக்குற பாக்கெட் புகையிலை வந்திருக்கு, கூடவே ஊர்ப்பேரைச் சொல்லி கேலி, அது அடிதடியில போய் முடியுது. நாங்க பேசினா எடுபடல, அதனால பிள்ளைங்கள்லயே சிலரை, கூட படிக்கிறவங்களுக்கு வழிகாட்டுற பியர் லீடர் ஆக்கலாம்னு ஹெச்.எம். சொன்னாங்க. யார் யார்கூட பழகுறாங்கன்னு படமா போட்டுப் பாக்குற சோஷியல் நெட்வொர்க் அனாலிசிஸ்னு ஒண்ணு இருக்குன்னு படிச்சுட்டு, என் செக்‌ஷன்ல 40 பேர்கிட்டயும் "உன் பெஸ்ட் ஃப்ரெண்ட்ஸ் மூணு பேர் எழுது"ன்னு தாள்ல வாங்கினேன். அதிகமா 14 பேர் எழுதின பேரு, போன மாசம் புகையிலை பாக்கெட்டோட மாட்டின பையனோடது. நான் நம்பி லீடரா வச்சிருக்கிற பெண் பிள்ளைக்கு ரெண்டே பேர், அந்த ரெண்டும் வகுப்புல யார்கூடவும் ஒட்டாத பிள்ளைங்க. நாலு பேருக்கு ஒண்ணுமே வரல. இதுல பெரிய தப்பு என்னன்னா, டேபிள்ல இருந்த தாளை இன்டர்வெல்ல யாரோ எடுத்து சத்தமா வாசிச்சுட்டாங்க, ஒரு பிள்ளை அழுதுட்டே வீட்டுக்குப் போச்சு. இதை இப்படியே விட்டுடவா, தொடரவா? அந்தப் பையனை எப்படி மேடம் லீடர் ஆக்குறது?

பதில்:

டீச்சர், மத்த எல்லாத்துக்கும் நேரம் இருக்கு, அழுதுட்டுப் போன அந்தப் பிள்ளை விஷயத்துக்கு நேரம் இல்ல, அதனால அதை முதல்ல பேசிடுவோம்.

மிச்சம் இருக்கிற தாளை எல்லாம் இன்னைக்கே எரிச்சிடுங்க. யார் எடுத்தான்னு விசாரிக்க வேண்டாம், விசாரிக்க ஆரம்பிச்சா அந்த லிஸ்ட்டுக்கு இன்னும் மதிப்பு ஏறும், யாருக்கு எத்தனைன்னு அடுத்த ஒரு வாரம் அதுதான் பேச்சா இருக்கும். நாளைக்கு முதல் பீரியட்ல ரெண்டு நிமிஷம் மட்டும் நின்னு சொல்லுங்க: "ரகசியம்னு சொல்லி உங்ககிட்ட வாங்கின தாளை நான் பத்திரமா வைக்கல, அது என் தப்பு, உங்க எல்லார்கிட்டயும் மன்னிப்பு கேக்கேன். மூணு பேர்தான் எழுதணும்னு நான் சொன்னதும் தப்பு, நாலாவதா மனசுல இருந்தவங்க பேரை எழுத இடமே இல்லாமப் போச்சு. தாளை எரிச்சாச்சு." இவ்வளவுதான், இதுக்கு மேல விளக்கம் வேண்டாம். டீச்சர் மன்னிப்பு கேட்டா மரியாதை போயிடும்னு உங்க ஸ்டாஃப் ரூம்ல யாராவது சொல்லுவாங்க, போகாது, நான் பாத்த வரைக்கும் பிள்ளைங்க அந்த ரெண்டு நிமிஷத்தை வருஷக்கணக்கா ஞாபகம் வச்சிருக்காங்க.

'மூணு பேர்'னு சொன்னது தப்புங்கிறது வெறும் ஆறுதலுக்கு சொல்ற வார்த்தையும் இல்ல, கணக்கே அப்படித்தான். 40 பேர் மூணு மூணு பேர் எழுதினா மொத்தம் 120 பேரு, ஒரு ஆளுக்கு சராசரி மூணு வரும், அதுல ஒருத்தனே 14 வாங்கிட்டான், இன்னும் அஞ்சாறு பேர் ஏழெட்டு வாங்கியிருப்பாங்க, அப்போ மிச்சம் உள்ளவங்களுக்கு என்ன வரும்? நாலு பேருக்கு ஒண்ணும் வராததுக்கு முக்கியமான காரணம் நீங்க போட்ட அந்த 'மூணு'தான், அந்தப் பிள்ளைங்க இல்ல. இதை அந்தப் பிள்ளையோட அம்மாகிட்டயும் போன்ல சொல்லுங்க. பிள்ளைகிட்ட பேசும்போது ஸ்டாஃப் ரூமுக்கு தனியா கூப்பிடாதீங்க, எல்லாரும் பாப்பாங்க. நோட்டுக் கட்டை தூக்கிட்டு வர துணைக்குக் கூப்பிட்டு, வராண்டால நடந்துட்டே பேசுங்க. முகத்துக்கு நேரா உக்காந்து பேசுறதைவிட பக்கத்துல நடந்துகிட்டு பேசுறது இந்த வயசுப் பிள்ளைங்களுக்கு லேசா இருக்கும்.

இனி உங்க கேள்விக்கு வரேன். தொடருங்க. நீங்க எடுத்த வழி சரி, செஞ்ச விதம்தான் சரியில்ல, அதனால ஒரு ஒன்றரை மாசம் ஆறப் போட்டு மறுபடி முதல்ல இருந்து செய்யணும்.

இந்த முறையே பிள்ளைங்களை வச்சுதான் வளந்துச்சு, அது உங்களுக்குத் தெரியணும்னு நினைக்கேன். 1932ல அமெரிக்காவுல நியூயார்க் மாநிலத்துல ஹட்சன்ங்கிற ஊர்ல, ஐநூறுக்கு மேல பெண் பிள்ளைங்க தங்கியிருந்த ஒரு சீர்திருத்தப் பள்ளியில ரெண்டே வாரத்துல 14 பேர் ஓடிப்போயிட்டாங்க. ஜேக்கப் மொரினோன்னு ஒரு மனநல டாக்டரும் ஹெலன் ஜென்னிங்ஸும் அங்க யார் யாரை விரும்புறாங்க, யார்கூட தங்க ஆசைப்படுறாங்கன்னு ஒவ்வொரு பிள்ளைகிட்டயும் கேட்டு, வட்டமும் கோடுமா படம் போட்டாங்க, ஒரு பிள்ளைக்கு ஒரு வட்டம், அவ விரும்புறவளுக்கு ஒரு கோடு. ஓடிப்போன பிள்ளைங்களோட குணத்துலயோ குடும்பத்துலயோ கிடைக்காத விளக்கம் அந்தக் கோடுகள்ல கிடைச்சுது, ஒருத்தி ஓடினது அந்தக் கோடு வழியா அடுத்தவளுக்குப் போய், அவ வழியா இன்னொருத்திக்குப் போயிருக்கு. 1934ல மொரினோ அதைப் புத்தகமா போட்டாரு. இன்னைக்கு நாம கம்ப்யூட்டர்ல போடுற நெட்வொர்க் படத்துக்கெல்லாம் அதுதான் பாட்டி.

நீங்க கவனிக்க வேண்டியது, பழக்கம் எந்தக் கோட்டு வழியா பரவுதோ அதே கோட்டு வழியாத்தான் அது நிக்கவும் செய்யும். உங்க ஸ்கூல்ல அந்த பாக்கெட் கை மாறுறதுக்கு ஒரு வழி இருக்கு, அது உங்களுக்குத் தெரியாது, ஹெச்.எம்.முக்கும் தெரியாது, பிள்ளைங்களுக்கு அத்துப்படி.

நாம டீச்சருங்க, கவுன்சிலருங்க எல்லாரும் லீடர்னு யாரைக் காட்டுவோம்? நல்லா படிக்கிறது, சொன்னா கேக்குறது, கையெழுத்து அழகா இருக்கிறது, அசெம்ப்ளில பயப்படாம பேசுறது. அது நமக்கு லீடர். பிள்ளைங்களுக்கு லீடர் யாருன்னு பிள்ளைங்களைத்தான் கேக்கணும். இங்கிலாந்துலயும் வேல்ஸ்லயும் 59 ஸ்கூல்ல, 12, 13 வயசுப் பிள்ளைங்க பத்தாயிரத்துக்கு மேல வச்சு அசிஸ்ட்னு ஒரு ஆய்வு நடந்துச்சு, 2008ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல வந்துச்சு. சிகரெட் பழக்கத்துக்கு எதிரா. டீச்சர் யாரையும் தேர்ந்தெடுக்கல, பிள்ளைங்க எழுதின பேரை வச்சு மேல வந்த 17.5 சதவீதம் பேரைக் கூப்பிட்டாங்க, சிலர் வரமாட்டாங்க சிலர் நின்னுடுவாங்க, கடைசியில ஒரு 15 சதவீதமாவது மிஞ்சணும்னு கணக்கு. ரெண்டு நாள் ஸ்கூலுக்கு வெளியில பயிற்சி, அப்புறம் பத்து வாரம் சும்மா பஸ்ல, சாப்பிடுற இடத்துல, விளையாட்டுல பேச்சுவாக்குல பேசுறது மட்டும்தான் வேலை. ரெண்டு வருஷம் தொடர்ந்து பாத்ததுல, அந்த ஸ்கூல்கள்ல வழக்கமா புகைக்கிறவங்களாகுற வாய்ப்பு மத்த ஸ்கூல்களைவிட 22 சதவீதம் குறைவு. நாள் போகப் போக பலன் கொஞ்சம் தேஞ்சுது, அதையும் சொல்லணும், அதனால ஒரு தடவை செஞ்சு விட்டுட்டா போதாது.

இதே கணக்குல உங்களுக்கு 118 பேர்ல 21 பேரைக் கூப்பிட்டா 17, 18 பேர் நிப்பாங்க. ஒரு ஆளு ரெண்டு ஆளு லீடர் வச்சு இந்த வேலை நடக்காது.

எப்படிக் கேக்கணும்னு சொல்லுதேன். ஒரு செக்‌ஷன் மட்டும் வேண்டாம், ஒன்பதாம் வகுப்பு முழுக்க ஒரே நாள்ல எடுங்க, ஏன்னா பிள்ளைங்க கூட்டு செக்‌ஷன் பாத்து சேருறது இல்ல, பஸ், டியூஷன், ஃபுட்பால், ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி இதெல்லாம் பாத்துதான் சேருது. அப்சென்ட் அதிகம் வர்ற வாரம் கூடவே கூடாது, எழுதாம விட்டவங்க அதிகமானா படம் பொய் சொல்லும். நவம்பர் கடைசியில இருந்து டிசம்பர் 3 வரைக்கும் கோட்டார் சவேரியார் திருவிழா, மாசியில மண்டைக்காடு கொடை, அதுபோக கடற்கரையில ஒவ்வொரு ஊருக்கும் பத்து நாள் திருவிழா உண்டு, அதெல்லாம் பாத்து நாள் குறிங்க. அன்னைக்கு வராதவங்ககிட்ட மறுநாள் தனியா வாங்கிடுங்க.

'பெஸ்ட் ஃப்ரெண்ட்'ங்கிற வார்த்தையே வேண்டாம். அது பிள்ளைங்களை போட்டியில இறக்குது, 'நான் உன்னை எழுதினேன் நீ என்னை எழுதலியா'ன்னு சண்டை வரும். அமெரிக்காவுல நியூ ஜெர்சியில 56 ஸ்கூல்ல, பிள்ளைங்க சண்டையையும் கேலியையும் குறைக்க எலிசபெத் பலக்கும் அவங்ககூட உள்ளவங்களும் ஒரு வேலை செஞ்சாங்க, 2016ல வெளியாச்சு. அவங்க கேட்டது 'கடந்த சில வாரத்துல நேர்லயோ ஆன்லைன்லயோ யார் யார்கூட நேரம் கழிக்க விரும்பின?' பத்து பேர் வரைக்கும் எழுதலாம். அவ்வளவுதான். நம்ம பிள்ளைங்களுக்கு நான் கேக்குறது இப்படி: "போன ரெண்டு வாரத்துல ஸ்கூல்லயோ வெளியிலயோ போன்லயோ நீ ஒருபாடு நேரம் கழிச்சது யார் யார்கூட?" பத்து வரி விட்டு வைங்க, ரெண்டு எழுதினாலும் போதும்னு வாயால சொல்லுங்க. ரெண்டாவதா, "ஒன்பதாம் வகுப்புல யார் ஒரு விஷயம் சொன்னா நீ காது குடுத்துக் கேப்பே?" மூணாவதா எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி: "நாளைக்கு மழை லீவுன்னு நியூஸ் எல்லாருக்கும் சீக்கிரம் போய்ச் சேரணும், ஒரே ஒரு ஆள்கிட்டதான் சொல்ல முடியும், யார்கிட்ட சொல்லுவே?" நம்ம மாவட்டத்துல கலெக்டர் அறிவிப்புக்காக காலைல அஞ்சு மணிக்கே போனைப் பாத்துட்டு இருக்கிற பிள்ளைங்களுக்கு இந்தக் கேள்விக்கு பதில் யோசிக்கவே வேண்டாம். இது நான் சும்மா கண்டுபிடிச்சது இல்ல, பொருளாதார ஆராய்ச்சியாளருங்க அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ எல்லாம் சேந்து கர்நாடகா கிராமங்கள்ல இப்படித்தான் கேட்டாங்க, ஒரு விஷயம் ஊருக்குள்ள பரவணும்னா யார்கிட்ட சொல்லணும்னு. ஊரோட கோடு எல்லாத்தையும் வரைஞ்சு கணக்குப் போட்டா கிடைக்கிற மாதிரி ஆளுங்களை ஜனங்களே சரியா கை காட்டினாங்க.

யாரைப் பிடிக்காதுன்னு மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கேக்காதீங்க. ஆராய்ச்சிக்கு அது உதவும்னு யார் வந்து சொன்னாலும் வேண்டாம்னே சொல்லுங்க.

பேரு விஷயத்துக்கு வருவோம். 118 பேருக்கும் ஒரு ரகசிய நம்பர் போடுங்க, அது ரெஜிஸ்டர் நம்பரா இருக்கக் கூடாது, அது பிள்ளைங்களுக்கு மனப்பாடம். எந்த நம்பர் யாருன்னு உள்ள தாள் ஒண்ணே ஒண்ணு, அது பீரோவுக்குள்ள, சாவி உங்ககிட்ட. கம்ப்யூட்டர்ல நம்பர் மட்டும்தான் ஏறணும். வாட்ஸப் குரூப்ல ஒரு படம்கூட போகக் கூடாது, டீச்சருங்க குரூப்பா இருந்தாலும். பெத்தவங்ககிட்ட எழுத்துல சம்மதம் வாங்குங்க. 18 வயசுக்குக் கீழ உள்ளவங்க விவரத்தை டிஜிட்டலா வைக்க பெத்தவங்க சம்மதம் வேணும்னு 2023ல வந்த தனிநபர் தகவல் பாதுகாப்பு சட்டமும் சொல்லுது. சட்டம் இல்லன்னாலும் கேக்கணும், பிள்ளையோட நட்பு அதோட சொந்த விஷயம் இல்லியா. பிள்ளைக்கு இஷ்டம் இல்லன்னா வெறும் தாளா குடுக்கலாம்னும் சொல்லிடுங்க.

எண்ணுறதுக்கு பெரிய சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம். எக்ஸெல்ல இடது பக்கம் எழுதினவங்க நம்பர், மேல எழுதப்பட்டவங்க நம்பர், 14ஆம் நம்பர் பிள்ளை 31ஆம் நம்பரை எழுதியிருந்தா 14வது வரியில 31வது கட்டத்துல ஒண்ணு போடுங்க. மேல இருந்து கீழ போற ஒவ்வொரு வரிசையையும் கூட்டினா அந்தப் பிள்ளையை எத்தனை பேர் எழுதினாங்கன்னு வந்துடும். படமா பாக்கணும்னா கெஃபின்னு இலவச சாஃப்ட்வேர் இருக்கு. ஆனா முதல் தடவை நீங்களே சார்ட் பேப்பர்ல பென்சில் வச்சு வரைங்கன்னுதான் சொல்லுவேன், ஒரு சாயங்காலம் போயிடும், போனாப் போகட்டும், வரைய வரைய உங்க வகுப்பு உங்களுக்கே புதுசாத் தெரியும்.

இப்போ நிறையப் பேர் சறுக்குற இடத்துக்கு வந்தாச்சு. அந்த வரிசையைக் கூட்டி, பெருசுல இருந்து சிறுசா அடுக்கி, மேல உள்ள 21 பேரை எடுத்துட்டு போயிடுவாங்க. அது தப்பு டீச்சர். உதாரணமா உங்க பையனுக்கு 14 பேர்னு வைங்க. அடுத்தவனுக்கு 12 பேர். இவனும் பெரிய ஆளுன்னு தோணும். ஆனா அந்த 12 பேர் யாருன்னு பாத்தா, 10 பேர் ஏற்கெனவே முதல் பையனை எழுதினவங்கதான், ரெண்டு பேரும் ஒரே ஃபுட்பால் கூட்டம். அப்போ இவனை சேத்தா உங்களுக்குப் புதுசா கிடைக்கிறது ரெண்டு பேர். அதே நேரம் 6 பேர் மட்டும் எழுதின ஒரு பையன் இருக்கான், அந்த ஆறும் உள்பக்கத்து ஊர்ல இருந்து மினி பஸ்ல வர்ற பிள்ளைங்க, முதல் பையனைத் திரும்பிக்கூட பாக்காதவங்க. இவனை எடுத்தா ஆறு பேர் புதுசு. அதனால முதல்ல ஒருத்தரை எடுங்க, அவரை எழுதினவங்க எல்லாரோட நம்பரையும் பென்சிலால அடிச்சிடுங்க, மிச்சம் உள்ளவங்கள்ல யாருக்கு அதிகம் வருதுன்னு பாத்து அடுத்த ஆளை எடுங்க, இப்படியே போங்க. அடிபடாத நம்பர் ரொம்பக் கொஞ்சமா ஆகுற வரைக்கும். பெண் பிள்ளைங்களையும் பசங்களையும் தனித்தனியா செய்யணும், ஏன்னா நம்ம ஊர்ல ஒன்பதாம் வகுப்புல பசங்க பேரை ஒரு பெண் பிள்ளை எழுதுறதே அபூர்வம், மனசுல இருந்தாலும் எழுதாது, மொத்தமா அடுக்கினா ஒரு பக்கம் சாஞ்சுடும்.

அப்புறம் பாலம். ரெண்டு கூட்டத்துக்கு நடுவுல நிக்கிற பிள்ளை. உங்களுக்கு இது ரொம்ப முக்கியம், ஏன்னா உங்க பிரச்சினையில பாதி ஊர்ச் சண்டை.

குலசேகரம் பக்கத்துல ஒரு ஸ்கூல்ல நான் இதைச் செஞ்சப்போ, பேச்சிப்பாறை வழியில ரப்பர் எஸ்டேட் பக்கத்துல இருந்து வர்ற பிள்ளைங்க ஒரு கூட்டம், டவுன் பிள்ளைங்க ஒரு கூட்டம், இடையில கோடே இல்ல, ஒரே ஒரு நம்பரைத் தவிர. அந்தப் பிள்ளைக்கு வந்தது மொத்தம் அஞ்சு பேர். ஆனா எஸ்டேட்ல இருந்து மூணு, டவுன்ல இருந்து ரெண்டு. டீச்சருங்ககிட்ட கேட்டா 'அதுவா, அது பேசவே பேசாதே'ன்னாங்க. நான் ஒருநாள் நாலேகால் பஸ்ல அவங்ககூட ஏறிப் பாத்தேன். அந்தப் பிள்ளை டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்ல உக்காந்திருக்கு, மடியில எட்டு ஸ்கூல் பை, காலுக்கு இடையில ரெண்டு, நாடிக்குக் கீழ ஒரு டிபன் கூடை. நிக்கிறவங்க எல்லாரும் அதுகிட்டதான் பையைக் குடுக்காங்க, எஸ்டேட்டும் குடுக்குது டவுனும் குடுக்குது. இறங்கும்போது யாரோட பை எதுன்னு கேக்காமலே சரியா எடுத்துக் குடுக்குது, "மக்கா, ஒனக்க கெமிஸ்ட்ரி நோட்டு வெளிய நிக்கி, உள்ள தள்ளிருக்கேன்"னு ஒரு வார்த்தை. எனக்கு அன்னைக்கு பஸ்ஸுக்குள்ளயே கண்ணு நிறைஞ்சு போச்சு. அந்தப் பிள்ளையை லீடர் லிஸ்ட்ல சேத்தோம். மேடை ஏறி ஒரு வார்த்தை பேசல, பேச வேண்டிய அவசியமும் இல்ல, பஸ்ல பேசுச்சு.

சரி, உங்க பையன். எடுங்க டீச்சர். 14 பேர் அவனைப் பாத்துட்டு இருக்காங்க, நீங்க அவனை எடுத்தாலும் எடுக்காட்டாலும் பாத்துட்டுத்தான் இருப்பாங்க. அவனை வெளிய நிறுத்திட்டு 20 நல்ல பிள்ளைங்களை வச்சு புகையிலை வேண்டாம்னு சொன்னா, அவன் ஒரு சிரிப்பு சிரிச்சா போதும், முடிஞ்சுது. ஆனா எச்சரிக்கையா எடுக்கணும். பிரச்சினை உள்ள பசங்களை மட்டும் ஒண்ணா உக்கார வச்சு திருத்தப் பாத்த சில முயற்சிகள்ல பழக்கம் குறையுறதுக்குப் பதிலா கூடியிருக்கு, டிஷன்ங்கிறவரும் கூட உள்ளவங்களும் 1999லயே அதை எழுதிட்டாங்க. தாமஸ் வாலன்டே இதே நெட்வொர்க் முறையில அமெரிக்க ஹைஸ்கூல்கள்ல போதைப் பழக்கத் தடுப்பு வகுப்பு நடத்திப் பாத்தாரு, 2007ல வந்துச்சு, பொதுவா நல்ல பலன், ஆனா ஏற்கெனவே பழக்கம் உள்ள நண்பர்கள் நிறைய இருந்த பிள்ளைங்களுக்கு அது எதிரா போச்சு. அதனால அவனை எடுங்க, அவன் கூட்டாளிங்க மூணு பேரை அதே பயிற்சிக் குழுவுல போடாதீங்க. சிறு குழுவா பிரிக்கும்போது அவன் பக்கத்துல பழக்கம் இல்லாத, ஆனா அவன் மதிக்கிற பிள்ளைங்க இருக்கணும், யாரை மதிக்கிறான்னு அவன் எழுதின தாளே சொல்லும்.

அவன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தயங்குவீங்க. 'உன்னைத் திருத்த ஒரு வாய்ப்பு'ன்னு மட்டும் சொல்லிடாதீங்க. உள்ளதைச் சொல்லுங்க: "ஒன்பதாம் வகுப்புல நிறையப் பேர் நீ சொன்னா கேப்போம்னு சொல்லியிருக்காங்க. எனக்கு அது தெரியாம இருந்துச்சு. எனக்கு உன் உதவி வேணும்." யார் எழுதினாங்க, எத்தனை பேர்ங்கிறது வேண்டாம். அவன் முடியாதுன்னா விட்டுடுங்க, கதவைத் திறந்து வைங்க. அவனுக்குப் பழக்கம் விடமுடியாம இருந்தா அது தனியா பாக்க வேண்டியது, புகையிலையை நிறுத்த உதவுற தேசிய இலவச நம்பர் 1800 11 2356, பெத்தவங்களை வச்சுட்டே கூப்பிட்டுப் பேச வைக்கலாம். 'முதல்ல நீ நிறுத்து, அப்புறம் லீடர்'னு நிபந்தனை போட்டா பொய் சொல்லப் பழகுவான். 'நானும் நிறுத்தப் பாக்கேன், கஷ்டமாத்தான் இருக்கு'ன்னு அவன் வாயால ஒரு நாள் பின் பெஞ்ச்ல சொன்னான்னா, அது நம்ம பத்து வகுப்புக்குச் சமம்.

ஒண்ணு மட்டும் கையைப் பிடிச்சு கேட்டுக்கிறேன். இந்தப் பிள்ளைங்களை ஒற்றர் ஆக்கிடாதீங்க. யார்கிட்ட பாக்கெட் இருக்கு, யார் அடிச்சான்னு ஒரே ஒரு தடவை நீங்களோ ஹெச்.எம்.மோ பி.டி. சாரோ கேட்டுட்டா அன்னைக்கே எல்லாம் முடிஞ்சுது, 'லீடர்'ங்கிறது கெட்ட வார்த்தை ஆயிடும். இதை முன்கூட்டியே ஸ்டாஃப் மீட்டிங்ல பேசி ஒத்துக்க வச்சுட்டு அப்புறம் தொடங்குங்க. உயிருக்கு ஆபத்து, யாராவது பெரியவங்க தொந்தரவு பண்றதுன்னு இருந்தா மட்டும் உடனே உங்ககிட்ட வரணும்னும், குழந்தைகள் உதவி நம்பர் 1098க்கு அவங்களே போன் பண்ணலாம்னும் பயிற்சியில தெளிவா சொல்லிடணும்.

நோட்டீஸ் போர்டுல பேர் ஒட்டுறதும் வேண்டாம். ஒரு ஸ்கூல்ல நான் குடுத்த லிஸ்ட்டை நல்ல எண்ணத்துலதான் 'நட்சத்திர மாணவர்கள்'னு கலர்ல அடிச்சு ஒட்டினாங்க, நான் தடுத்திருக்கணும், தடுக்கல. ஒரு வாரத்துல "ஏல நட்சத்திரம், இங்க வாலே"ன்னு கூப்பிட ஆரம்பிச்சு, ஒரு பையன் பயிற்சிக்கு வர்றதையே நிறுத்திட்டான். அவன் வீட்டு வாசல்ல போய் நின்னப்போ அவன் வெளிய வரல. அதுல இருந்து லிஸ்ட் நான் யார் கையிலயும் குடுக்கிறது இல்ல.

பயிற்சி ரெண்டு நாள் வைங்க, முடிஞ்சா ஸ்கூல் வளாகத்துக்கு வெளிய. என்ன பேசணும்னு நாம எழுதிக் குடுக்காம, எது பிரச்சினைன்னு அவங்களையே சொல்ல விடுங்க. நியூ ஜெர்சியில அப்படித்தான் விட்டாங்க, ஒவ்வொரு ஸ்கூல்லயும் பிள்ளைங்க தங்களுக்குத் தோணின சண்டையை எடுத்துட்டு போஸ்டர், ஹேஷ்டேக்னு அவங்க வழியில செஞ்சாங்க. யாராவது ஒரு சண்டையைத் தடுத்தாலோ ஒருத்தருக்கு உதவினாலோ கையில ஒரு ஆரஞ்சு நிற பட்டை கட்டிவிட்டாங்க. ஒழுங்கு நடவடிக்கை வரைக்கும் போன சண்டைங்க அந்த ஸ்கூல்கள்ல 25 சதவீதம் குறைஞ்சுது, நல்ல தொடர்பு உள்ள பிள்ளைங்க அதிகம் இருந்த குழுவுல பலனும் அதிகம். உங்க ஊர்ப்பேர் கேலிக்கு என்ன வழின்னு உங்க பிள்ளைங்களுக்குத்தான் தெரியும், ஒருவேளை ரெண்டு ஊர் பசங்களையும் கலந்து ஃபுட்பால் டீம் போடுவாங்களா இருக்கும், வேற எதுவாவும் இருக்கும்.

பிள்ளைங்க மேலயே எல்லாத்தையும் போட்டுடவும் கூடாது. ஸ்கூல்ல இருந்து 100 கெஜத்துக்குள்ள புகையிலை விக்கக் கூடாது, 18 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு எங்கயுமே விக்கக் கூடாது, 2003ல இருந்தே சட்டம். அந்த பாக்கெட் ஏதோ ஒரு கடையில இருந்துதான் வருது, அதைப் பாக்க வேண்டியது பெரியவங்க சோலி. பி.டி.ஏ.வை வச்சு நீங்க எல்லாரும் சேந்து போங்க.

ஒருவேளை 118 பேருக்கும் எடுக்க ஹெச்.எம். சம்மதிக்கலன்னா சின்ன வழி ஒண்ணு உண்டு. சீட்டுப் போட்டு 20 பேரை எடுங்க, ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒரு ஃப்ரெண்டு பேரைக் கேளுங்க, சீட்டுல வந்தவங்களை விட்டுட்டு அந்த ஃப்ரெண்டுங்களை எடுங்க. நிறையப் பேர்கூட பழகுற பிள்ளை நிறையப் பேர் வாயில வரும், யார்கூடவும் பழகாத பிள்ளை யார் வாயிலயும் வராது, அதனால தானாவே தொடர்பு அதிகம் உள்ளவங்க பக்கம் சாயும். ஸ்காட் ஃபெல்டுங்கிறவர் 1991ல இதைக் கணக்கா காட்டினாரு, ஹோண்டுராஸ் கிராமங்கள்ல வைட்டமின் மாத்திரை பரப்ப இதே வழி உதவியிருக்கு. முழுசா எடுக்கிற அளவுக்கு துல்லியம் வராது, ஆனா யாருக்கும் பூஜ்யம்னு ஒண்ணு விழாது, அது பெரிய நிம்மதி.

யாரும் எழுதாத பிள்ளைங்களைப் பத்தி. முழு வகுப்புக்கும் பத்து வரியோட எடுத்தா அந்த நாலு ஒருவேளை ஒண்ணா குறையும், இல்லாமலும் போகலாம். அப்பவும் யாராவது இருந்தா, அவங்க யாரை எழுதியிருக்காங்கன்னு பாருங்க. அந்தப் பேர்ல உள்ள நல்ல மனசுள்ள ஒரு பிள்ளை பக்கத்துல பெஞ்ச் மாத்துறப்போ சத்தமில்லாம உக்கார வைங்க, லேப்ல ஒரே குரூப்ல போடுங்க. ஏன்னு யாருக்கும் தெரிய வேண்டாம். புதுசா சேந்த பிள்ளையா, ஃப்ரெண்டுங்க எல்லாம் எட்டாம் வகுப்புலயோ ஊர்லயோ இருக்காங்களான்னும் பாருங்க, தாள்ல பூஜ்யம்னா வாழ்க்கையில தனின்னு அர்த்தம் இல்ல. லீடர் கண்டுபிடிக்கத்தான் இந்தப் படம்னு எல்லாரும் சொல்லுவாங்க, எனக்கு என்னமோ இந்த ஓரத்துல நிக்கிற வட்டங்களுக்காகவே இது வேணும்னு தோணும்.

கடைசியா, ரெண்டே பேர் எழுதின உங்க லீடர் பிள்ளை. அதுக்கு ஓட்டு கம்மின்னு வருத்தமா எழுதியிருந்தீங்க, கூடவே ஒரு வரியில அந்த ரெண்டு பேரும் யார்கூடவும் ஒட்டாத பிள்ளைங்கன்னும் எழுதியிருக்கீங்க. அந்த வரியை நான் மூணு தடவை வாசிச்சேன். நான் மேல சொன்ன மாதிரி 14 பேர் உள்ள பையன், 12 பேர் உள்ள பையன்னு எடுத்து பென்சிலால அடிச்சுட்டே வாங்க, கடைசியில அடிபடாம நிக்கிற நம்பர்ல அந்த ரெண்டும் இருக்கும், அவங்ககிட்ட போற ஒரே கோடு இந்தப் பிள்ளைகிட்ட இருந்துதான் போகும். ரெண்டாவது தடவை எடுக்கும்போது இது அப்படியே வருதான்னு பாருங்க, வந்தா அந்த 21 பேர்ல இந்தப் பிள்ளை பேரையும் எழுதிக்கோங்க.